இழையில் எழும் அலைகள் – நூற்பாலையில் குறிகை ஆய்வு

முன்னுரை

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையும் நூல். சொல்லிலிருந்து யாக்கப்படும் ஏடும் நூல். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் காட்டியவர் பவணந்தி முனிவர். நன்னூற் பாயிரத்தில் அவர் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கதிராகவும் உருவகம் செய்தார். இலக்கணம் பயின்ற நாம் இவ்வுருவகத்தை ஏட்டின் பக்கம் நின்றே பெரிதும் சுவைத்திருக்கின்றோம். இழையின் பக்கம் நின்று நோக்கினால் வேறு சில வினாக்கள் எழுகின்றன. செம்மையாக நூற்கப்பட்ட இழை எது? அதன் கோட்டத்தை எங்ஙனம் அறிவது? அக்கோட்டத்திற்குப் பொறுப்பு யாருடையது?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களம் இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஆகும். விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அண்டை ஊர்கள் இவை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் பிறந்த ஊர் என்பதும், விண்ணுயர்ந்த கோபுரமும், பால்கோவாவும் நினைவுக்கு வரும். இராசபாளையம் என்றதும் நினைவுக்கு வருவன நூற்பாலைகள். 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராசபாளையம் மில்லை நிறுவினார். அதன்பின் இவ்வட்டாரமே நூற்புத் தொழிலின் நிலைக்களன் ஆயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை நெய்கின்றன. சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் கைத்தறி நெசவு நடைபெறுகின்றது.

இதே நிலப்பரப்பில் பொறியியற் கல்வியும் வேர்கொண்டுள்ளது. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கப்பட்ட பொறியியற் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. இராசபாளையத்தில் 2013 முதல் ஒரு பொறியியற் கல்லூரி நடைபெற்று வருகின்றது. அலை, அதிர்வெண், குறிகை என்பன வகுப்பறையில் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அதே அறிவு, சில கல் தொலைவிலுள்ள ஆலையில் நாள்தோறும் தொழிற்படுகின்றது. வகுப்பறைப் பாடத்தையும் ஆலைப் பணியையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலையின் இலக்கணம்

ஒரு நிகழ்ச்சி ஒழுங்காக மீண்டும் மீண்டும் நிகழ்வதே அலைவு. ஒரு நொடியில் அது எத்தனை முறை நிகழ்கின்றது என்பது அதிர்வெண். ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு அலைநீளம். நடுநிலையிலிருந்து முகடு எழும் அளவு வீச்சு. அலை செல்லும் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இவ்வொரு வாய்பாடே இக்கட்டுரை முழுவதற்கும் போதுமானது.

அளக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. எழுத்தொலியை அளக்கப் புகுந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். ஒலியை அதன் கால அளவால் வரையறுக்கலாம் என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

குறிகை என்பது ஆங்கிலத்தில் சிக்னல் எனப்படுவது. ஒரு பொருளின் நிலையைப் பற்றி நமக்குச் செய்தி தரும் எந்த மாற்றமும் குறிகையே. செய்தி தராத, ஒழுங்கற்ற மாற்றம் இரைச்சல் எனப்படும். காதில் விழுவது மட்டுமே இரைச்சல் என்று கருதவேண்டா. கண்ணால் காணும் படத்திலும் இரைச்சல் உண்டு. கையால் தொடும் இழையிலும் உண்டு.

ஃபூரியர் கண்ட வழி

சிக்கலான ஓர் அலையை எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்க இயலும் என்று காட்டியவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியர். வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்து 1822-இல் அவர் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படை. வெப்பத்திற்கென எழுந்த கணக்கு, பின்னர் ஒலிக்கும் ஒளிக்கும் மின்னோட்டத்திற்கும் உரியதாயிற்று. ஒரு கலவையில் எந்தெந்த அலைநீளங்கள் எவ்வெவ்வளவு உள்ளன என்று பிரித்து வரையும் படத்தை அலைநிரல் படம் என்று ஈண்டு வழங்குவோம். ஆலையில் அதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர்.

நம் முழவுக் கருவியே இதற்கு நல்ல சான்று. சாதாரணத் தோற்பரப்பைத் தட்டினால் எழும் மேலோசைகள் அடிப்படை ஓசையின் முழுமடங்குகளாக அமைவதில்லை. ஆதலால் அவ்வொலியில் இசையினும் ஓசையே மிகும். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை அத்தோலின் எடையை நடுவில் கூட்டி, மேலோசைகளை முழுமடங்குகளுக்கு மிக நெருக்கமாகக் கொணர்கின்றது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1920-இலும் 1934-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதனை விளக்கினார். கரணையிட்டுச் சுருதி கூட்டும் கைவினைஞர் வாய்பாடு அறியாமலே செய்து வந்ததை அறிவியல் பின்னர் பெயரிட்டு உரைத்தது எனலாம்.

ஃபூரியர் கணக்கைக் கையால் போடுதல் கடினம். 1965-இல் கூலி, டுக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவு முறை, கணிப்பொறியில் இதனை மிக எளிதாக்கியது. இத்தகைய படிமுறைக்கு அல்காரிதம் என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து தோன்றிய சொல் அது என்பது மாணவர் அறிந்து மகிழத்தக்கது.

இழை குறிகையாதல்

நூற்பாலையில் பஞ்சு பல நிலைகளைக் கடக்கின்றது. கார்டிங் பொறியில் சீவப்பட்டுத் திரளாகின்றது. டிரா பிரேமில் பல திரள்கள் இணைந்து நீட்டப்படுகின்றன. சிம்ப்ளக்ஸ் பொறியில் மெல்லிய திரியாகின்றது. ரிங் பிரேமில் இழையாக முறுக்கேறுகின்றது. ஒவ்வொரு நிலையிலும் ரோலர் இணைகள் உண்டு. பின் ரோலர் மெதுவாகச் சுழலும். முன் ரோலர் விரைவாகச் சுழலும். இவ்வேக வேறுபாட்டால் பஞ்சுத்திரி நீண்டு மெலிகின்றது. எத்தனை மடங்கு நீள்கின்றதோ அதனை இழுவை மடங்கு என்று கொள்வோம்.

நூற்ற இழை எங்கும் ஒரே பருமனாக இருப்பதில்லை. இதனைச் சோதிக்க, தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் இழையை ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு இடையே ஓடவிடுவர். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எவ்வளவு பஞ்சு உள்ளதோ அதற்கேற்ப மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றம் மின்குறிகையாகப் பதிவாகும். சுவிட்சர்லாந்து நாட்டின் உஸ்டர் நகரில் 1940-களின் இறுதியில் உருவான இத்தகைய கருவி, உலகெங்கும் நூற்பாலைகளில் பரவியது. அந்நகரின் பெயரே கருவிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், இவ்வகைச் சோதனை அறிவைத் தென்னாட்டு ஆலைகளுக்குக் கொண்டு சேர்த்த நிறுவனங்களுள் தலையாயது.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பஞ்சில் ஈரம் மிகுந்தால் மின்தேக்குதிறன் மிகும்; கருவி அதனைப் பருமன் என்று பிழைபட உணரும். ஆதலின் சோதனைக் கூடத்தின் காற்றில் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடும், வெப்பநிலை 27 பாகை செல்சியசும் இருக்குமாறு பேணுவர். கேட்கும் செவி செம்மையாக இருந்தால்தான் கேட்ட செய்தி செம்மையாகும்.

இயற்கையின் இரைச்சலும் எந்திரத்தின் தாளமும்

நாற்பதாம் நம்பர் இழையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மீட்டர் ஏறத்தாழ 14.8 மில்லிகிராம் எடையுள்ளது. நடுத்தர நுண்மையுள்ள பருத்தி நார் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.157 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் இழையின் குறுக்குவெட்டில் சராசரியாக 94 நார்கள் இருத்தல் வேண்டும். ஆயினும் ஓரிடத்தில் 84 இருக்கும். மற்றோரிடத்தில் 104 இருக்கும். நார்களை எண்ணி அடுக்கும் கை எதுவும் இல்லை. அவை தற்செயலாகவே அமைகின்றன. இத்தற்செயலால் மட்டும் விளையும் ஏற்றத்தாழ்வைக் கணிக்கும் வாய்பாட்டின்படி, 94 நார்கள் கொண்ட பருத்தி இழையில் அது ஏறத்தாழ 11 விழுக்காடு. எத்துணைச் சிறந்த பொறியும் எத்துணைத் தேர்ந்த தொழிலாளியும் இதனினும் குறைக்க இயலாது. இது இயற்கையின் இரைச்சல். இதற்காக எவரையும் குறை கூறுதல் முறையன்று.

ஆனால் இவ்விரைச்சலுக்குள் ஒரு தாளம் மறைந்திருக்கலாம். முன் ரோலர் மையம் பிறழ்ந்து சுழல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழை தடிக்கும், ஒருமுறை மெலியும். இது தற்செயலன்று, அளவு மாறாமல் மீண்டும் வருவது. இதுவே எந்திரத்தின் குறிகை.

ஆலையின் அனுபவம் மிக்க பிட்டர்கள் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பொறியின் தாங்கியில் ஊன்றி, மறுமுனையைச் செவியருகே வைத்துப் பழுதைக் கேட்டறிவர். அலைநிரல் படம் செய்வதும் அத்தகைய பணியே. செவி கேட்பதைக் கணக்கு கேட்கின்றது என்பதே வேறுபாடு.

அலைநீளம் சொல்லும் முகவரி

ரிங் பிரேமின் முன் ரோலர் 27 மி.மீ. விட்டம் உடையது என்போம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 85 மி.மீ. ஆகவே அதன் பழுது இழையில் 8.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை தோன்றும். அலைநிரல் படத்தில் 8.5 சென்டிமீட்டர் என்னும் இடத்தில் புகைபோக்கி போன்ற ஒரு முகடு எழுந்து நிற்கும். ரோலர் மையம் பிறழாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பின் சுற்றுக்கு இருமுறை பழுது நேரும். அப்போது முகடு ஏறத்தாழ 4.2 சென்டிமீட்டரில் எழும்.

பழுது முன் நிலைகளில் இருப்பின் அலைநீளம் பெருகும். சிம்ப்ளக்ஸ் பொறியின் முன் ரோலர் 28 மி.மீ. விட்டம் எனில் அதன் சுற்றளவு 88 மி.மீ. ரிங் பிரேமின் இழுவை மடங்கு 30 எனில், அப்பழுது இழையில் 2.64 மீட்டருக்கு ஒருமுறை தோன்றும். டிரா பிரேமின் 40 மி.மீ. ரோலரில் பழுது இருப்பின், சிம்ப்ளக்ஸில் 10 மடங்கும் ரிங் பிரேமில் 30 மடங்கும் நீண்டு, ஏறத்தாழ 37.7 மீட்டருக்கு ஒருமுறை வெளிப்படும். 400 மீட்டர் இழையைச் சோதித்தால் அது பத்து முறையே காணப்படும். ஆதலின் நெடிய பழுதைத் தேட நெடிய இழை வேண்டும். அலைநீளம் என்பது பழுது குடியிருக்கும் வீட்டின் முகவரி என்று கூறலாம்.

இதனை அதிர்வெண்ணால் கூறாமல் அலைநீளத்தால் கூறுவது ஏன் என்று மாணவர் வினவலாம். கதிர் நிமிடத்திற்கு 18,000 சுற்று சுழன்று, மீட்டருக்கு 900 முறுக்கு ஏற்றினால், இழை நிமிடத்திற்கு 20 மீட்டர் வெளிவரும். அப்போது 8.5 சென்டிமீட்டர்ப் பழுது நொடிக்கு நான்கு முறை நிகழும். அதே இழையைச் சோதனைக் கருவியில் நிமிடத்திற்கு 400 மீட்டர் வேகத்தில் ஓட்டினால், அதே பழுது நொடிக்கு ஏறத்தாழ 79 முறை தோன்றும். வேகம் மாறினால் அதிர்வெண் மாறும். இழையில் பதிந்த அலைநீளம் மாறாது. எனவே மாறாததை அடையாளமாகக் கொண்டனர்.

கணக்கு மட்டும் போதாது என்பதும் உணரத்தக்கது. மேல் ரோலரின் ரப்பர் உறை புதிதாக இருக்கையில் 30 மி.மீ. விட்டம், தேய்த்துச் சமன் செய்யச் செய்ய அது 28 மி.மீ. ஆகலாம். அப்போது அதன் அலைநீளம் 9.4 சென்டிமீட்டரிலிருந்து 8.8 சென்டிமீட்டராகக் குறைந்து, கீழ் ரோலரின் 8.5 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். இரண்டில் எது குற்றவாளி? மேல் ரோலர் இணை இரு கதிர்களுக்கு மட்டுமே உரியது; கீழ் ரோலர் பொறியின் பக்கம் முழுவதற்கும் பொதுவானது. பழுது இரு கதிர்களில் மட்டும் எனில் மேல் ரோலரையும், வரிசை முழுவதும் எனில் கீழ் ரோலரையோ பற்சக்கரத்தையோ ஐயுறல் வேண்டும். சோதனைக் கூடத்தின் படமும் பிட்டரின் பட்டறிவும் கைகோக்கும் இடம் இது.

கூரிய முகடு அன்றி, மேடு போல் பரந்து எழும் வடிவமும் உண்டு. ரோலர்களின் பிடியில் சிக்காமல் இடையே மிதக்கும் குறுநார்கள் கூட்டங்கூட்டமாக நகர்வதால் அது விளைகின்றது. ரிங் பிரேம் இழையில் அம்மேடு நாரின் சராசரி நீளத்தைப் போல் ஏறத்தாழ 2.75 மடங்கு அலைநீளத்தில் எழும். அதற்கு மருந்து ரோலர் இடைவெளியையும் அழுத்தத்தையும் சீர் செய்தலாகும்.

சராசரி மறைப்பதும் அலைநிரல் காட்டுவதும்

இழையின் ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணால் கூறும் வழக்கமும் உண்டு. தற்செயல் ஏற்றத்தாழ்வு 14 விழுக்காடு உள்ள இழையில், ரோலர் பழுதால் 3 விழுக்காடு சேர்கின்றது என்க. கூட்டினால் 17 ஆகும் என்று எண்ணுதல் தவறு. இவை இரண்டும் வர்க்கப்பட்டுக் கூட்டப்பெற்றுப் பின் வர்க்கமூலம் காணப்படுவன. விடை 14.3 மட்டுமே. அறிக்கையைப் படிப்போர் 14-க்கும் 14.3-க்கும் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால் அலைநிரல் படத்தில் அப்பழுது தனித்து ஓங்கி நிற்கும். சூழ்ந்துள்ள அடிப்படை உயரத்தைக் காட்டிலும் முகடு அதன் பாதி அளவிற்கு மேல் உயர்ந்தால் அது கேடு விளைக்கும் பழுது என்பது ஆலைகளில் கைக்கொள்ளும் அளவுகோல்.

சோதனைக் கூடத்தில் சிறிதாகத் தோன்றியது தறியில் பெரிதாகத் தோன்றும். ஊடையாகப் பாயும் இழையில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்தால், அடுத்தடுத்த ஊடைகளில் அவை அணிவகுத்து, துணியின் மேல் மரவைரம் போன்ற கோலத்தை வரையும். அலைநீளம் பல மீட்டர்களாயின் துணியின் குறுக்கே பட்டைகள் தோன்றும். சாயமேற்றிய பின்னரே அது நன்கு புலப்படும். நூலை விலைகொடுத்து வாங்கி, உழைத்து நெய்து, சாயமும் ஏற்றிய பின்னர் துணி தள்ளுபடியானால் அவ்விழப்பைத் தாங்குவோர் யார்?

பழி யாருக்கு?

இக்கட்டுரையின் உயிர்நிலை இவ்வினாவே. இழை மெலிந்த இடம் வலுக்குறைந்த இடம். அவ்விடத்தில் அது எளிதில் அறும். அறுந்த இழையை ஒட்டும் பணி ரிங் பிரேமின் முன் நடந்துகொண்டே இருக்கும் தொழிலாளருடையது. அவர்களுள் பெண்கள் பலர். ஒரு பொறியில் அறுபடுதல் மிகுந்தால் முதலில் எழும் ஐயம், நிற்பவர் மேல் விழுவது உலகியல்பு. தறியில் துணி பழுதானால் நெசவாளர் மேல் விழுவதும் அவ்வாறே. மனிதர் கண்ணுக்குத் தெரிகின்றனர். மையம் பிறழ்ந்த ரோலர் தெரிவதில்லை.

அலைநிரல் படம் இந்நிலையை மாற்றுகின்றது. மனிதக் கவனக்குறைவு 8.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பல்லாயிரம் தடவை தவறாமல் நிகழாது. தவறாமல் நிகழ்வது சுழலும் பொருளின் செயலே. அதேவேளையில் எல்லாக் குற்றத்தையும் எந்திரத்தின் மேல் ஏற்றவும் படம் இடந்தராது. பஞ்சின் தரக்குறைவு, காற்றின் வறட்சி, தேய்ந்த டிராவலர், கவனக்குறைவு ஆகியவற்றாலும் இழை அறுவதுண்டு. இயற்கைக்கு உரியதை இயற்கைக்கும், பொறிக்கு உரியதைப் பொறிக்கும், மனிதருக்கு உரியதை மனிதருக்கும் பகுத்து அளிப்பதே அளவை அறிவின் பயன். ஆதலால் இதனை நடுவுநிலைமைக்குத் துணையாகும் அறிவு என்று போற்றலாம்.

ஆலைக்கு அப்பால்

இம்முறை நூற்பாலையோடு நின்றுவிடுவதன்று. உதகை மலைச்சரிவில் 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. 326.5 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில், அதாவது ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அது விண்ணை உற்றுக் கேட்கின்றது. துடிப்பு விண்மீன்களின் ஒழுங்கான துடிப்பை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுப்பதும், இழையின் ஒழுங்கான பழுதை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுப்பதும் அடிப்படையில் ஒரே கலை. இதயத் துடிப்பைப் பதியும் மருத்துவரும், பாலத்தின் அதிர்வை அளக்கும் பொறியாளரும் இக்கலையையே கையாளுகின்றனர்.

எனவே மாணவர்க்கு நாம் கூற விழைவது ஒன்று. ஃபூரியர் கணக்கைத் தேர்வுக்கு மட்டும் உரிய பாடமாகக் கொள்ளவேண்டா. அண்டை ஊர் ஆலையின் சோதனைக் கூடத்திற்குச் சென்று ஓர் அலைநிரல் படத்தைக் கேட்டுப் பெறுக. ரோலர்களின் விட்டத்தையும் இழுவை மடங்கையும் குறித்துக்கொள்க. முகடு எந்த ரோலருக்கு உரியது என்று தாமே கணித்து, பிட்டரிடம் சரிபார்க்க. தமிழ் பயில்வோர் அவர்கள் வாயில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்கலாம். அகராதி ஏறாத சொற்கள் அங்கே பல உள்ளன.

முடிவுரை

இழையின் ஏற்றத்தாழ்வு ஓர் அலைத்தொகுதி என்பதும், அதில் தற்செயலும் ஒழுங்கும் கலந்துள்ளன என்பதும், ஒழுங்காக மீளும் பழுதின் அலைநீளம் அது பிறந்த இடத்தைக் காட்டும் என்பதும், சராசரி மறைப்பதை அலைநிரல் வெளிப்படுத்தும் என்பதும் இதுகாறும் கண்டவை. இவ்வறிவு பொருளுக்குத் தரத்தையும், உழைப்போர்க்கு நீதியையும் ஒருங்கே தர வல்லது என்பதும் தெளிவாகின்றது.

மரத்தின் கோட்டத்தைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல மாந்தர் மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது ஏட்டு நூலின் மாண்பு என்பது நன்னூலார் கருத்து. இராசபாளையத்து இழையும் அத்தகையதோர் ஆசிரியனே. தன் கோட்டத்தை அது தானே எழுதி வைத்திருக்கின்றது. ஆராயாமல் பழி கூறும் நம் மனக்கோட்டம் தீர வேண்டுமாயின், அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும்.